‘தொடரும்’ – யார் காசில்?

போன மாதம் ஒரு ராத்திரி பத்து மணி சுமாருக்குத் தங்கையிடமிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. அவள் இருப்பது பாரிசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில். நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் எழுபதைத் தாண்டியவனுக்கு வயிற்றைக் கலக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எடுத்தால், “அண்ணே, இன்னிக்கி எபிசோடு பாத்தீங்களா?” என்கிறாள்.

பார்க்கவில்லை. எங்கள் தெருவில் ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டது. “அப்ப நான் சொல்றேன், கேளுங்க” என்று ஆரம்பித்தவள் பத்து நிமிஷம் மூச்சு விடாமல் கதை சொன்னாள். மாமியார் என்ன கேட்டாள், மருமகள் எப்படித் திருப்பிக் கொடுத்தாள், கடைசியில் கதவைத் தட்டியது யாராக இருக்கும் என்று அவள் நினைக்கிறாள், எல்லாம். ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, சென்னையில் எடுத்த தொடரின் கதை பாரிசிலிருந்து வந்து சேர்கிறது!

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் இது தலைகீழாக இருந்தது. நான்தான் அவளுக்குக் கடிதத்தில் கதை எழுதி அனுப்புவேன். இடையில் என்ன நடந்தது என்பதை எனக்குத் தெரிந்த வரை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. டெலிவிஷன் தொடர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நடிகர் நடிகையரைப் பற்றி எழுதுகிறார்கள். நான் குமாஸ்தா. ஆயுளில் பாதியைப் பில் சரிபார்ப்பதில் கழித்தவன். எதைப் பார்த்தாலும் இதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்றுதான் புத்தி போகும். அதிலும் ஒரு லாபம் உண்டு. யார் பணம் கட்டுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால், கதை ஏன் இத்தனை நீளம் என்பதும் தெரிந்துவிடும்.

காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1954 நவம்பரிலேயே நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டது; சட்டப்படி முழு மாற்றம் 1962 ஆகஸ்டில். பள்ளிக்கூடத்தில் மட்டும் அதற்குப் பிறகும் பிரெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வாத்தியார், முசே என்று கூப்பிடுவோம், ‘ஃபய்த்தோன்’ என்ற சொல்லுக்கு ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தினார். சொல்லுக்குச் சின்னத் தாள் என்று அர்த்தம். பத்திரிகைப் பக்கத்தின் அடியில் கோடு போட்டுப் பிரித்த பகுதி அது. தொடர்கதை அங்கேதான் வரும். இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் டெலிவிஷன் தொடருக்கு அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

1836-ல் எமில் த ஜிரார்தேன் என்பவர் பாரிசில் ‘லா பிரெஸ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். மற்ற பத்திரிகைகளுக்கு வருஷ சந்தா 80 பிராங்க். இவர் 40-தான் வாங்கினார். பாதி விலையில் விற்றால் மீதிப் பாதி எங்கிருந்து வரும்? விளம்பரத்திலிருந்து. விளம்பரம் எப்போது வரும்? வாசகர் கூட்டம் இருந்தால். கூட்டம் எப்படி நிற்கும்? நாளைக்கும் வாங்கினால்தான் மீதிக் கதை தெரியும் என்று நிறுத்திவைத்தால். அந்த வருஷமே பால்சாக்கின் நாவல் ஒன்று அதில் தொடராக வந்தது. 1842-ல் எழேன் சூ இன்னொரு பத்திரிகையில் பாரிஸ் நகரத்து மர்மங்களை எழுதியபோது ஊரே அதைப் பற்றித்தான் பேசியதாம்.

அலெக்சாந்தர் துமாவுக்கு வரிக் கணக்கில் கூலி. அவருடைய மூன்று வீரர்கள் கதையில் கிரிமோ என்று ஒரு வேலைக்காரன் வருவான். ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசமாட்டான். அவன் ‘ம்’ என்றாலும் ஒரு வரி, ‘இல்லை’ என்றாலும் ஒரு வரி. பிறகு பத்திரிகை முதலாளி, பாதிக்கு மேல் நிரம்பாத வரிக்குக் காசில்லை என்று சட்டம் போட்டதும் துமா கிரிமோவை ஓரங்கட்டிவிட்டார் என்று முசே சொல்லிச் சிரிப்பார். கட்டுக்கதையாகக்கூட இருக்கலாம். ஆனால் தொடர் வியாபாரம் முழுவதும் அந்த ஒரு கதைக்குள் அடக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது.

நம் ஊரில் இதே வேலையை விகடனும் கல்கியும் செய்தன. 1950 அக்டோபரில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்தது. என் அம்மா அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் படங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தாள். ஐந்து பாகம். கனமான காலிகோ அட்டை. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வந்ததே அதில்தான். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த தமிழ் கொஞ்சம்தான். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்தத் ‘தொடரும்’ இன்னும் பழசு. பகல் பத்து, இராப் பத்து என்று இருபது நாள் அரையர் சேவையை விட்ட இடத்திலிருந்து கேட்டுப் பழகிய ஊர் இது.

அமெரிக்காவில் 1930-களில் இந்த வியாபாரம் ரேடியோவுக்குப் போனது. பகலில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் கேட்க நாடகம். பணம் கட்டியது புராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற சோப்புக் கம்பெனிகள். ‘சோப் ஓபரா’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். ‘கைடிங் லைட்’ என்ற நாடகம் 1937-ல் ரேடியோவில் ஆரம்பித்து, 1952-ல் டெலிவிஷனுக்கு மாறி, 2009 செப்டம்பரில்தான் முடிந்தது. எழுபத்திரண்டு வருஷம்! நம் தொடர்களை இழுவை என்று திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இந்தியாவுக்கு அந்தச் சோப்பு வந்த தேதி 1984 ஜூலை 7. ‘ஹம் லோக்’. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதியது. மெக்சிகோவில் மிகேல் சபிதோ என்பவர் தொடர்கள் மூலம் எழுத்தறிவும் குடும்பக் கட்டுப்பாடும் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்து, அரசாங்கமே ஊக்கம் கொடுத்து எடுக்கவைத்த தொடர். அரசாங்கத்துக்குக் குடும்பக் கட்டுப்பாடு. விளம்பரம் கொடுத்தவர்களுக்கோ மேகி நூடுல்ஸ். எது அதிகமாகப் பரவியது என்பதை உங்கள் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் அப்போது திருச்சியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கீழ்நிலை குமாஸ்தா. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கியிருந்தாலும் எங்கள் பக்கத்துக்கு அது ஒழுங்காகக் கிடைத்தது எண்பதுகளின் பிற்பகுதியில், கொடைக்கானல் நிலையம் வந்த பிறகுதான். அதுவரை டெல்லி ஹிந்தி. புரிந்தும் புரியாமலும் ‘ஹம் லோக்’ பார்த்தோம். கடைசியில் அசோக் குமார் வந்து ஏதோ புத்திமதி சொல்வார். அதைச் சொன்ன முகம் பிடிக்கும், சொன்னது என்னவென்று தெரியாது. அதே சமயம் காரைக்காலில் என் அப்பா மொட்டை மாடியில் நெடிய கம்பம் நட்டு, கடல் தாண்டி இலங்கை ரூபவாஹினியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தூர்தர்ஷனில் ஒரு வழக்கம் உண்டு. தொடருக்கு அனுமதி கொடுப்பது பதின்மூன்று வாரக் கணக்கில். கால் வருஷத்துக்குப் பதின்மூன்று வாரம், அவ்வளவுதான் விஷயம். அரசாங்க வழக்கங்களை எல்லோரும் கேலி செய்வார்கள், நானும் உள்ளே இருந்துகொண்டே செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பதின்மூன்றுக்குள் ஆரம்பமும் முடிவும் வைக்க வேண்டியிருந்ததால் கதைகள் கச்சிதமாக இருந்தன. செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால் அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிந்தது. கே. பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ வந்த காலத்தில்தான் நான் தங்கைக்குக் கடிதத்தில் கதை எழுத ஆரம்பித்தேன்.

அவள் கல்யாணமாகிப் போனது சொல்தா குடும்பத்துக்கு. காரைக்கால், புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் வீடு. எங்கள் அப்பா 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டாம் என்று இருந்துவிட்டார். அவளுக்கு அது கல்யாணத்தில் வந்தது. கடிதத்தில் கதை படித்து அலுத்துப்போய், “ஒரு தடவையாவது கண்ணால பாக்கணும்” என்று எழுதினாள். மாம்பலத்தில் என் சகலை வீட்டில் டெக் இருந்தது. அவர் நான்கு பகுதிகளை காசெட்டில் பிடித்துக் கொடுத்தார். காரைக்காலிலிருந்து பிரான்சுக்குப் புறப்பட்ட ஒருவர் பெட்டியில் அதை வைத்து அனுப்பினோம்.

அங்கே போய்ப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் ஓடியிருக்கிறது. நம் ஊரில் வர்ணம் அனுப்பும் முறை பால். பிரான்சில் 1967 முதல் செகாம். இரண்டு முறைக்கும் பொருத்தமில்லை. அவர்கள் வீட்டுப் பெட்டிக்குக் குரலும் உருவமும் புரிந்தன, வர்ணம் மட்டும் புரியவில்லை. “எல்லாரும் சாம்பல் பூசினாப்ல இருக்காங்க, பரவாயில்ல அண்ணே, பேச்சு நல்லா கேக்குது” என்று எழுதியிருந்தாள். அடியில் ஒரு வரி: அடுத்த தடவை பிடிக்கும்போது விளம்பரத்தை வெட்ட வேண்டாம், நிர்மாவும் கோபால் பல்பொடியும் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காசெட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. ஆரம்பத்தில் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான். இங்கேதான் பணக்கணக்கு அடியோடு மாறியது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும்படி சொல்கிறேன். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் கோயிலைச் சுற்றிக் கடை போடுகிறவர் இடத்துக்கு வாடகை கட்டுகிறார். பாத்திரமோ பொம்மையோ விற்று வாடகையையும் எடுத்து லாபமும் பார்ப்பது அவர் பாடு. அதுபோலத் தயாரிப்பாளர் சேனலுக்கு அரை மணி நேரத்துக்கு வாடகை கட்டினார். கதையைத் தன் செலவில் எடுத்தார். அந்த அரை மணியில் விளம்பரத்துக்கென்று கிடைத்த நிமிஷங்களைக் கம்பெனிகளுக்கு விற்றார். நன்றாக விற்கிற கடையை யாராவது திருவிழா பாதியில் எடுத்துக் கட்டுவார்களா? பதின்மூன்று வாரம் போயே போயிற்று.

ராதிகாவின் ராடான் எடுத்த ‘சித்தி’ 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பரில் முடிந்தபோது 467 பகுதி. திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ 811. திருச்செல்வம் இயக்கி, விகடன் நிறுவனம் தயாரித்த ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1533. இந்த மூன்று எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். கதையா நீண்டது? கடைக்கு வந்த கூட்டம் நீண்டது.

பார்க்கிறவர்களை எண்ண ஒரு முறையும் வந்தது. சில ஆயிரம் வீடுகளில் பெட்டி வைத்து, அவர்கள் பார்ப்பதை ஊரெல்லாம் பார்ப்பதாகக் கணக்கு. இன்றுகூட 2015-ல் தொடங்கிய பார்க் அமைப்பு நாடு முழுவதற்குமாக ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில்தான் அளக்கிறது. அந்தக் கணக்கு வாராவாரம் வரும். அதனால் ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஒரு அதிர்ச்சி. திங்கட்கிழமை அது ஒன்றுமில்லாமல் போகும். விளம்பர இடைவெளிக்கு முன் முகம் முகமாக மூன்று தடவை சுற்றிக் காட்டுவதெல்லாம் துமாவின் கிரிமோவேதான். அவன் ‘ம்’ சொன்னான், இவர்கள் கண்ணை விரிக்கிறார்கள்.

ஆனாலும் அந்தக் காலத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ராத்திரி அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே நடந்து வந்தால், ஒரு வீட்டு ஜன்னலில் கேட்ட வசனத்தின் மீதி அடுத்த வீட்டு ஜன்னலில் கேட்கும். பால்காரரும் ரிடையர்ட் ஹெட்மாஸ்டரும் ஒரே கதையைத்தான் காலையில் பேசுவார்கள். 2008-லிருந்து சில வருஷம் கரண்ட் வெட்டு பிடித்து ஆட்டியபோது, மின்சாரம் இருந்த தெருவிலிருந்து இல்லாத தெருவுக்குக் கதை சொல்லப் பெண்கள் போய்வந்ததை நானே பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரி அந்த விஷயத்தில் நல்ல கதைசொல்லி; அவள் சொல்லிக் கேட்ட பிறகு நிஜத் தொடரைப் பார்த்தால் சப்பென்றிருக்கும்.

பிரான்சில் தங்கைக்கு இந்தத் தொடர்கள் லா ஷாப்பெல் வழியாகப் போயின. பாரிசில் வடக்கு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஈழத் தமிழர்கள் கடை வைத்திருக்கும் பகுதி அது. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கப் போகிறவள் ஒரு வாரத்துத் தொடரை காசெட்டாக, பிறகு டிவிடியாக வாடகைக்கு எடுத்து வருவாள். அப்புறம் கூரைமேல் சட்டி ஆன்டெனா வந்தது. அப்படியும் நாங்கள் பேசும்போது அவள் ஒரு வாரம் பின்னால் இருப்பாள். “சொல்லிடாதீங்க, சொல்லிடாதீங்க” என்று கத்துவாள்.

அந்த ஒரு வாரம் மறைந்தது கைபேசியால். 2015-ல் ஹாட்ஸ்டார், 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது, அதே வருஷம் செப்டம்பரில் ஜியோ டேட்டாவை இலவசமாகவே அள்ளிக் கொடுத்தது, டிசம்பரில் அமேசான் பிரைம், 2017-ல் சன் நெக்ஸ்ட், 2018-ல் ஜீ5. கேபிள் வைத்திருந்தவர்களுக்கு இதுதான் இடி. எங்கள் தெரு கேபிள் தம்பி எனக்கு முப்பது வருஷப் பழக்கம். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தபோது, வருமானம் போச்சு என்று புலம்பினான். 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்து, அடிப்படைச் சந்தாவே 130 ரூபாயும் வரியும் என்று ஆனபோது, “சார், இப்ப ஜனங்க கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க” என்றான். ஜனங்கள் கணக்குப் போட்டால் எந்த வியாபாரிக்கும் ஆபத்து. இப்போது அவனே இன்டர்நெட் ஒயர் இழுக்கிறான். வீட்டுக்கு வந்து போகிற ஒயர் அதே மூலையில்தான் தொங்குகிறது. உள்ளே ஓடுவது வேறு.

2020-ல் ஊரடங்கு வந்தபோது மார்ச் மூன்றாம் வாரத்தோடு படப்பிடிப்பு நின்றது. புதுப் பகுதி இல்லாத டெலிவிஷனை என் தலைமுறை அதற்கு முன் பார்த்ததில்லை. தூர்தர்ஷன் பழைய ‘ராமாயண’த்தை எடுத்துப் போட்டது, 1987-ல் ஞாயிற்றுக்கிழமைத் தெருக்களைக் காலி செய்த அதே தொடர். சன் டிவியில் ‘மெட்டி ஒலி’ திரும்ப ஓடியது. இருபது பேருக்கு மேல் கூடாது என்றும், பிறகு அறுபது பேர் என்றும் அரசாங்கம் அனுமதி கொடுத்த பிறகுதான் புதுத் தொடர்கள் மறுபடி மூச்சு விட்டன. அந்த இடைவெளியில் பல வீட்டுப் பெரியவர்கள் யூடியூப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். நானும்தான்.

யூடியூபில் ஒன்றைக் கவனித்தேன். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, பாலசந்தரின் நிறுவனம் தயாரித்த ‘மர்மதேசம்’ இருக்கிறது. ‘சித்தி’ இருக்கிறது. தயாரித்தவர்களே போட்டிருக்கிறார்கள், கீழே அதற்கு விளம்பரமும் ஓடுகிறது. இது எப்படி முடிந்தது? வாடகைக்குக் கடை போட்ட காலத்துச் சரக்கு அது. இடம்தான் சேனலுடையது, கதை கடைக்காரருடையது. இருபது வருஷம் கழித்து அதே சரக்கை வேறு திருவிழாவில் விற்க முடிந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானார். அன்று ராத்திரி என் பேத்தி, அவள் பிறப்பதற்கு முன் ஒளிபரப்பான ‘விடாது கருப்பு’ பகுதியை உட்கார்ந்து பார்த்தாள். இப்போதெல்லாம் பெரும்பாலும் சேனலோ இணைய நிறுவனமோ முழுப் பணத்தையும் முன்னால் கொடுத்துவிட்டு உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்கிறது. எடுக்கிறவருக்கு நஷ்ட பயமில்லை. இருபது வருஷம் கழித்து வரக்கூடிய காசும் இல்லை. குமாஸ்தா மூளைக்கு இது நல்ல பேரமாகப் படவில்லை. ஆனால் இந்த மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியவனுக்கு இருபது வருஷக் கணக்கு உதவாது என்பதும் தெரிகிறது.

திருச்செல்வம் என்ற ஒரே மனிதரை வைத்து இந்த இருபது வருஷத்தை அளந்துவிடலாம். ‘கோலங்கள்’ எடுத்தவர், 2022-ல் ‘எதிர்நீச்சல்’ எடுத்தார். அதில் ஆதி குணசேகரன் என்ற வீட்டுப் பெரிய மனிதராக நடித்த மாரிமுத்து, பெண்டாட்டியையும் தம்பி மனைவிமார்களையும் அதட்டுகிற அதட்டலைத் துண்டு துண்டாக வெட்டி இளவட்டங்கள் போனுக்குப் போன் அனுப்பினார்கள். சீரியல் பார்ப்பதைக் கேவலமாக நினைக்கும் பையன்கள்கூட அவரை அறிந்தார்கள். முழுத் தொடரைப் பார்க்காமல், முப்பது வினாடித் துண்டை மட்டும் பார்த்தவர்கள் எத்தனை பேரோ! 2023 செப்டம்பர் 8 காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து அவர் இறந்துபோனார். எனக்குச் செய்தியைச் சொன்னது டெலிவிஷன் அல்ல, சார்செல்லிலிருந்து தங்கை. அங்கே அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. வேல ராமமூர்த்தி அந்த வேஷத்தை ஏற்றார், தொடர் 2024 ஜூன் வரை ஓடி முடிந்தது, அந்த டிசம்பரிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி ஆரம்பித்தது.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் ‘ப்ளு பெல் லா வீ’ என்று மார்செய் நகரத்துக் குடும்பத் தொடர் ஒன்று 2004-லிருந்து ஓடியது. தங்கை நம் தொடரோடு அதையும் பார்ப்பாள். 2022 நவம்பரில் அரசுத் தொலைக்காட்சி அதை முடித்துவிட்டது. ஒரு வருஷம் சொச்சத்தில் தனியார் சேனல் ஒன்று எடுத்து மறுபடி நடத்துகிறது. பழைய பெட்டியை விட்டு ஜனங்கள் போகிறார்கள் என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டே, விட்டுப்போகாத கூட்டத்தை வைத்துத்தான் எல்லா ஊரிலும் பிழைக்கிறார்கள்.

சந்தா கட்டிப் பார்க்கும் தொடரின் கணக்கு வேறு. நெட்ஃபிளிக்ஸ் 2013 பிப்ரவரியில் ஒரு அரசியல் தொடரின் பதின்மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் கொட்டியது. விளம்பரம் இல்லை, ஆகவே இழுக்க வேண்டிய அவசியம் இல்லை. மாதக் கடைசியில் சந்தாவை நிறுத்தாமல் இருந்தால் போதும். தமிழில் அப்படி வந்தவற்றில் நான் முழுதாகப் பார்த்தது 2022 ஜூனில் வந்த ‘சுழல்’. புஷ்கர் – காயத்ரி எழுதியது, எட்டே பகுதி. மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு பெண் காணாமல் போவதைச் சுற்றி ஓடும் கதை. அதே வருஷம் திருச்சிப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனை வைத்து ‘விலங்கு’ என்று ஒன்று வந்தது, அது ஏழு. தூர்தர்ஷன் பதின்மூன்றைவிடக் குறைவு. சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்திருக்கிறோம். ஒரு வித்தியாசம்: இதை காசெட்டில் பிடித்துப் பெட்டியில் வைத்து யாருக்கும் அனுப்ப முடியாது. நிறுவனம் ஒரு நாள் எடுத்துவிட்டால் பூஞ்சை பிடிக்கக்கூட ஒன்றும் மிச்சமிருக்காது.

இதற்கும் அடுத்ததாகச் சீனாவிலிருந்து நிமிஷ நாடகம் என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. போனை நெட்டுக்குத்தாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒன்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பகுதி. முதல் சில பகுதி இலவசம், கன்னத்தில் அறை விழப்போகிற இடத்தில் நிறுத்தி, அடுத்ததற்குக் காசு கேட்பார்கள். இங்கேயும் வந்துவிட்டது. என் மருமகள் ஒன்றைக் காட்டினாள். வரிக்கு இவ்வளவு என்று துமா வாங்கினார்; இவர்கள் நிமிஷத்துக்கு வாங்குகிறார்கள். முசே உயிரோடிருந்தால் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருப்பார்.

‘சுழல்’ பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அது முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் வெளியானது. பிரெஞ்சுக் குரலும் அதில் உண்டு. போன கோடையில் தங்கையின் பேரன் போன் செய்தான். இருபது வயசு. தமிழ் காதில் விழுந்தால் கொஞ்சம் புரியும், பேச வராது. பாட்டி பார்க்கும் சீரியல் நடக்கும்போது அறையை விட்டு எழுந்து போகிறவன், ‘சுழல்’ எட்டுப் பகுதியையும் இரண்டு ராத்திரியில் பிரெஞ்சில் பார்த்து முடித்திருந்தான். கதிரும் பார்த்திபனும் பிரெஞ்சு பேசுவதை நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, பிறகு, காரைக்காலில் மஸ்கட்டியர்களை எங்கள் வாயால் தமிழ் பேசவைத்து நாங்கள் நாடகம் போட்டது ஞாபகம் வந்தது.

மயானக் கொள்ளை என்றால் என்ன என்று கேட்டான். அறுபது வருஷத்துத் துருவைத் தட்டிப் பிரெஞ்சில் சொன்னேன்: மாசி மகா சிவராத்திரியை ஒட்டி வரும் அமாவாசை, அங்காளம்மன், மேல்மலையனூர், சுடுகாட்டில் இறைக்கிற தானியமும் கொழுக்கட்டையும். ‘பியாழ் து சிமெத்தியேர்’ என்று மொழிபெயர்த்தேன். திருட்டு வழக்கு மாதிரி ஒலித்தது. இறைத்ததை ஜனங்கள் ஏன் எடுத்துக்கொண்டு போகிறார்கள், அது யாருக்குச் சேரும் என்றெல்லாம் கேட்டான். பாட்டியிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். அவளுக்குத் தமிழில் தெரியும், தனக்கு அதை வாங்கிக்கொள்ளத் தெரியாது என்றான்.

அதே தொடரைத் தமிழ்க் குரலில் வைத்து, அடியில் பிரெஞ்சு எழுத்து ஓடவிட்டு மறுபடி பார் என்று சொன்னேன். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டான். மூன்று பகுதி பார்த்தாயிற்றாம். பெயரைச் சொல் பார்ப்போம் என்றேன். “சுசால்” என்றான். நாக்கை மடக்கி உள்ளே இழு என்றேன். “சுரால்.” இன்னொரு தடவை. “சுஜல்.” பின்னாலிருந்து தங்கை, “ழ, ழ, வாழைப்பழம்னு சொல்றா” என்று கத்துவது கேட்டது. அடுத்த தடவை அவன் வாயிலிருந்து என்ன வந்தது என்று தெரியவில்லை. அதற்குள் அவள் போனைப் பிடுங்கிவிட்டாள். “அண்ணே, இங்க மணி ஆறாவப் போவுது, அங்க ஒம்பதரை. போட்ருவான். வெச்சுர்றேன்.”